பனி எங்கே படிந்திருக்கிறது? கேஸ் சிலிண்டர் கோளாறுகளை அறிகுறி பார்த்துக் கண்டுபிடிக்க

மார்கழி பிறந்துவிட்டால் எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே மாதிரி இருக்கும். "ஏனுங்கண்ணா, ரெகுலேட்டர் போயிருச்சுங்க. வேற ஒண்ணு குடுத்து விடுங்க." கணபதிப் பக்கம் ஃபேப்ரிகேஷன் பட்டறை, நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டுபவர், திருச்செங்கோட்டில் ரிக் வண்டி வேலை பார்ப்பவர் என்று யார் கூப்பிட்டாலும் ரெகுலேட்டர் மேல்தான் பழி. சித்திரையில் அந்தப் பழி என் மேல் திரும்பும். "கேஸ் கம்மியா நிரப்பி அனுப்பிட்டீங்களா?"

சிலிண்டர் சப்ளை வேலையில் இருபது வருடம் ஓடிவிட்டது. போய்ப் பார்த்தால் பெரும்பாலும் ரெகுலேட்டரும் நன்றாகத்தான் இருக்கும், நிரப்பிய எடையும் சரியாகத்தான் இருக்கும். உள்ளே இருக்கும் வாயு தன் குணப்படி நடந்திருக்கும், அவ்வளவுதான். பள்ளியில் படித்த பிவி = என்ஆர்டி சமன்பாடு, மூலக்கூறுகளுக்கு இடம் தேவையில்லை, ஒன்றையொன்று இழுக்காது என்று வைத்துக்கொள்கிறது. சிலிண்டரில் அடைத்து விற்கும் எந்த வாயுவும் அப்படி இல்லை. எல்லாம் ஒன்றையொன்று இழுக்கின்றன. சில கொஞ்சமாக, சில பலமாக. அந்த இழுப்பு எவ்வளவு என்று அழுத்தம் காட்டும் கேஜும் சிலிண்டர் மேல் படியும் பனியும் காட்டிக்கொடுக்கும். படிக்கத் தெரிந்தால் பாதிப் பிரச்சினை அங்கேயே தீரும்.

ரெகுலேட்டர் மேல் வெள்ளையாகப் பனி, வெல்டிங்கில் பொத்தல் பொத்தலாக விழுகிறது

மிக் வெல்டிங்குக்கு சிஓடூ (கார்பன் டை ஆக்சைடு) ஓட்டும் பட்டறைகளில் அடிக்கடி வருவது இது. காலையில் பத்து நிமிடம் நன்றாக ஓடும். அப்புறம் ஃப்ளோ மீட்டரில் குண்டு துள்ளும், ஒரு முறை எழும்பும், மறுபடி விழும். கோடு போட்ட வெல்டில் ஊசி குத்தினாற்போல் ஓட்டைகள். ரெகுலேட்டரைத் தொட்டால் விரல் ஒட்டிக்கொள்ளும்.

முதலில் கையை வைக்காமல் கண்ணால் பாருங்கள். பனி எங்கே ஆரம்பிக்கிறது? ரெகுலேட்டரில் மட்டும் இருந்தால் ஒரு காரணம், சிலிண்டரின் கீழ்ப்பாதியில் இருந்தால் வேறு காரணம். இரண்டையும் குழப்பிக்கொண்டுதான் நான் ஆரம்பத்தில் ஒரே பட்டறையில் மூன்று ரெகுலேட்டர் மாற்றினேன். மூன்றும் உறைந்தன.

ரெகுலேட்டரில் மட்டும் பனி என்றால் நடப்பது இதுதான். சிலிண்டருக்குள் ஏறக்குறைய 60 பார் அழுத்தத்தில் சிஓடூ மூலக்கூறுகள் நெருக்கமாக, ஒன்றையொன்று இழுத்துப் பிடித்தபடி இருக்கின்றன. ரெகுலேட்டரின் சின்னத் துளையைத் தாண்டியதும் திடீரென்று விலகிப் போக வேண்டியிருக்கிறது. பட்டியைத் திறந்து விட்டாலும் செம்மறிகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டேதான் நடக்கும். பிரித்து ஓட்டுவதற்குள் மேய்ப்பவருக்கு மூச்சு வாங்கும். இங்கே பிரித்துவிட ஆள் இல்லை. மூலக்கூறுகள் தங்கள் ஓட்டத்தில் இருந்த ஆற்றலைச் செலவழித்துத்தான் விலகுகின்றன. ஓட்டம் குறைந்தால் வெப்பநிலை குறையும். 1852-இல் ஜூல், தாம்சன் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் கண்டது இதைத்தான்.

எல்லா வாயுவும் ஒரே அளவு குளிர்வதில்லை. சாதாரண வெப்பநிலையில் ஒரு பார் அழுத்தம் குறையும்போது சிஓடூ ஏறக்குறைய 1 டிகிரி குளிர்கிறது. நைட்ரஜன் அதில் ஐந்தில் ஒரு பங்குதான். வாண்டர் வால்ஸ் என்ற டச்சு இயற்பியலாளர் தன் வாயுச் சமன்பாட்டில் ஈர்ப்புக்கு வைத்த எண்ணைப் பார்த்தாலும் இது தெரியும்: நைட்ரஜனுக்கு 1.37, சிஓடூவுக்கு 3.64. சிஓடூ மூலக்கூறு நேர்கோடாக இருப்பதால் இரண்டு பக்கத்து முனைவும் ஒன்றையொன்று அழித்துவிடுகிறது, அதனால் ஈர்ப்பே இருக்காது என்று நினைப்பார்கள். அப்படி இல்லை. நடுவில் கார்பன் கொஞ்சம் நேர் மின்சுமையோடும் இரு ஓரத்து ஆக்சிஜன்கள் கொஞ்சம் எதிர் மின்சுமையோடும் இருக்கின்றன. ஒரு மூலக்கூறின் ஓரம் இன்னொன்றின் நடுவைத் தேடும். அதோடு எலக்ட்ரான்கள் கணத்துக்குக் கணம் ஒதுங்குவதால் வரும் லண்டன் விசையும் சேர்கிறது.

செய்ய வேண்டியது: வால்வை மூடுங்கள். ரெகுலேட்டரைச் சூடாக்கும் ஹீட்டரின் ஒயர் சொருகியிருக்கிறதா, சூடாகிறதா என்று பாருங்கள். பத்தில் பல தடவை அங்கேதான் குறை. மெஷினுக்குப் பின்னால் இருக்கும் பிளக் நழுவியிருக்கும். ஹீட்டரைப் போட்டு ஐந்து நிமிடம் விட்டு அப்புறம் கேஸைத் திறங்கள். ஏற்கெனவே உறைந்திருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த துணி போதும். கட்டிங் டார்ச்சைக் காட்டவே கூடாது. நான் பார்த்த ஒரு பட்டறையில் அப்படிக் காட்டி உள்ளே இருந்த ரப்பர் டயாஃப்ரம் உருகி, கேஜ் கண்ணாடி முகத்தை நோக்கித் தெறித்தது. ஆள் தப்பியது பெரிய விஷயம்.

ஹீட்டரும் சரி, ஆனாலும் திறந்த நொடியே உறைகிறது என்றால் உங்களிடம் வந்திருப்பது சைஃபன் குழாய் போட்ட சிலிண்டராக இருக்கலாம். தீயணைப்புக் கருவி நிரப்புகிறவர்களுக்குப் போவது அது. ஆவிக்குப் பதில் திரவத்தையே வெளியே தள்ளும். மாற்றிக் கேளுங்கள்.

சிலிண்டரின் கீழ்ப்பாதியில் பனி, கேஸ் போகப் போகக் குறைகிறது

இப்போது விஷயம் ரெகுலேட்டரில் இல்லை. உள்ளே திரவம் கொதித்து ஆவியாகிக்கொண்டிருக்கிறது. அது தன்னைச் சுற்றியிருக்கும் இரும்பிலிருந்து வெப்பத்தை உறிஞ்சுகிறது. நீங்கள் எடுக்கும் வேகத்துக்கு வெளிக்காற்று வெப்பத்தைத் திருப்பித் தர முடியவில்லை. பனிக்கோடு எந்த உயரத்தில் நிற்கிறதோ, உள்ளே திரவமும் ஏறக்குறைய அந்த உயரத்தில் நிற்கும். கேஜ் இல்லாமலே மிச்சம் எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

சிஓடூவைவிட எல்பிஜியில் இது அதிகம். கல்யாண மண்டபத்தில் பெரிய அடுப்பு மூன்றை ஒரே 19 கிலோ சிலிண்டரில் மாட்டி, ஆயிரம் பேருக்கு அரிசிம்பருப்பு சாதம் ஏற்றினால் பாதியில் சுடர் தொங்கிப் போகும். ஒரு கிலோ எரிவாயு ஆவியாக எடுத்துக்கொள்ளும் வெப்பம், ஒரு கிலோ தண்ணீரை ஐஸ் கட்டியாக்க அதிலிருந்து எடுக்க வேண்டிய வெப்பத்தைவிடக் கொஞ்சம் அதிகம். அடுப்பில் அத்தனை தீ எரிந்தாலும் சிலிண்டர் அங்கே ஐஸ் பெட்டி மாதிரிதான் நிற்கும். இரண்டு மூன்று சிலிண்டரை ஒன்றாக இணைத்து எல்லாவற்றிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். கொதிநீர் ஊற்றாதீர்கள், அடியில் நெருப்பு மூட்டாதீர்கள், கவிழ்த்து வைக்காதீர்கள். கவிழ்த்தால் திரவமே குழாயில் இறங்கி, அடுப்பில் ஆள் உயரத்துக்குத் தீ எழும்பும்.

வால்பாறையில் டீக்கடை வைத்திருக்கும் ஒரு அக்கா ஜனவரி அதிகாலையில் கூப்பிட்டார். "குலுக்குனா உள்ள சலசலங்குது, பத்த வெச்சா எரிய மாட்டேங்குது தம்பி." அவர் சொன்னது முழுக்க உண்மை. எல்பிஜி என்பது புரோபேனும் பியூட்டேனும் கலந்தது. புரோபேன் மைனஸ் 42 டிகிரியிலேயே கொதிக்கும், பியூட்டேன் மைனஸ் அரை டிகிரியில். பியூட்டேனில் ஒரே ஒரு கார்பன்தான் கூடுதல். ஆனால் மூலக்கூறு நீளமாகி எலக்ட்ரான் கூடக் கூட லண்டன் விசை கூடுகிறது, கொதிநிலை 40 டிகிரிக்கு மேல் ஏறிவிடுகிறது. எனவே முதலில் புரோபேன் அதிகமாகக் கிளம்பிப் போகும். கடைசியில் தங்குவது பியூட்டேன். மலைக்குளிரில், அதுவும் ஆவியாகித் தன்னையே குளிர வைத்துக்கொண்ட சிலிண்டரில், அதற்கு வெளியே வரத் தெம்பு இல்லை. கடைக்குள் கொண்டுவந்து நிறுத்தி வெயில் ஏறும் வரை விடச் சொன்னேன். பத்து மணிக்கு எரிந்தது.

கேஜ் முள் பல நாள் அசையவே இல்லை, அப்புறம் ஒரே நாளில் விழுந்துவிட்டது

"நேத்து வரைக்கும் 60 கிலோ காட்டுச்சுங்க. இன்னைக்கு மத்தியானம் காலி." பட்டறையில் அழுத்தத்தை 'கிலோ' என்றுதான் சொல்வோம், சதுர சென்டிமீட்டருக்கு இத்தனை கிலோ என்ற கணக்கில். ஏறக்குறைய அதுவே பார். எடையைச் சொல்வதும் கிலோ. இந்த இரண்டு கிலோவும் கலந்துபோய் எத்தனையோ சண்டை வந்திருக்கிறது.

ஆக்சிஜன், ஆர்கான், நைட்ரஜன் இவற்றுக்கு முள் சொல்வதை நம்பலாம். பாதி அழுத்தம் என்றால் ஏறக்குறைய பாதி வாயு. சிஓடூவுக்கு அது செல்லாது. 31 டிகிரிக்குக் கீழே அழுத்தினால் சிஓடூ திரவமாகிவிடும். 1869-இல் தாமஸ் ஆண்ட்ரூஸ் இந்த மாறுநிலை வெப்பநிலையை சிஓடூவை வைத்தேதான் விளக்கினார். மூலக்கூறுகளின் இழுப்பு, அவற்றின் ஓட்டத்தை ஜெயிக்கும் எல்லை அது. திரவம் கொஞ்சமாவது இருக்கும் வரை முள் காட்டுவது அதன் ஆவி அழுத்தத்தை மட்டும்தான், அளவை அல்ல. 20 டிகிரியில் 57 பார், 25-இல் 64, 30-இல் 72. காலையில் குறைந்து மத்தியானம் ஏறுவதும் இதனால்தான்.

அப்படியானால் முள் எப்போது இறங்கும்? திரவத்தின் கடைசிச் சொட்டு தீர்ந்த பிறகு. 45 லிட்டர் சிலிண்டரில் 30 கிலோ நிரப்பினால், 25 டிகிரியில் திரவம் தீரும் நேரத்தில் ஏறக்குறைய 11 கிலோ ஆவியாகவே மிச்சம் இருக்கும். முள் ஆடத் தொடங்கிவிட்டால் மூன்றில் ஒரு பங்குதான் கையில் இருக்கிறது என்று அடுத்த சிலிண்டருக்குச் சொல்லிவிடுங்கள். நிமிடத்துக்கு 15 லிட்டர் ஓட்டினால் மணிக்கு ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் மேல் போகும். மீதியை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். சரியான அளவு வேண்டும் என்றால் ஒரே வழி தராசு. சிலிண்டர் தோளில் வெற்று எடை பொறித்திருக்கும். எடை போட்டு, அதைக் கழித்துப் பாருங்கள். என் மேல் சந்தேகப்படுகிறவர்களை நான் கோபிப்பதில்லை, தராசுக்கு அழைத்துப் போகிறேன்.

சித்திரை வெயிலில் சிஓடூ முள் நூறைத் தாண்டுகிறது

இதைச் சீக்கிரம் படித்துச் சீக்கிரம் செய்யுங்கள். முழுசாக நிரப்பிய சிலிண்டரில் திரவம் ஏற்கெனவே பெரும்பகுதி இடத்தை அடைத்திருக்கிறது. சூடேறச் சூடேற அது விரிந்து, 30 டிகிரியை எட்டும் முன்பே ஆவிக்கு இருந்த இடத்தையும் பிடித்துவிடும். 31-ஐத் தாண்டினால் திரவம், ஆவி என்ற பேதமே இல்லை. அதன் பிறகு ஒவ்வொரு டிகிரிக்கும் அழுத்தம் பாய்ந்து ஏறும். 40 டிகிரியில் 100 பாரைத் தாண்டிவிடும். ஈரோட்டிலும் கரூரிலும் தகர ஷெட்டுக்கு வெளியே நிறுத்திய சிலிண்டருக்கு 40 டிகிரி பெரிய விஷயமே இல்லை. நிழலுக்கு நகர்த்துங்கள். முள் அதிகம் காட்டுகிறதே என்று ரெகுலேட்டரைத் திறந்து 'குறைத்துவிட' முயற்சி செய்ய வேண்டாம். வால்வில் இருக்கும் பாதுகாப்புத் தகடு கிழிந்து கேஸ் சீறினால் உடனே வெளியே வாருங்கள். சிஓடூ காற்றைவிடக் கனம், தரையோடு தேங்கி மூச்சை அடைக்கும்.

கணக்கு 375 சொல்கிறது, கேஜ் 64 சொல்கிறது

இதைக் கேட்டது பெருந்துறைப் பக்கத்திலிருந்து பாலிடெக்னிக்கில் படிக்கும் ஒரு பையன். பட்டறையில் பயிற்சிக்கு வந்தவன், நோட்டில் அழகாகப் போட்டு வைத்திருந்தான். 30 கிலோ சிஓடூ என்பது சுமார் 682 மோல். 45 லிட்டர், 25 டிகிரி. பிவி = என்ஆர்டியில் போட்டால் 375 பார் வருகிறது. "நான் எங்க தப்புப் பண்ணேனுங்க?" எங்கேயும் தப்புப் பண்ணவில்லை கண்ணு, சமன்பாட்டைத்தான் தப்பான இடத்துக்கு அழைத்துப் போய்விட்டாய் என்றேன்.

வீட்டுக்குப் போய் வாண்டர் வால்ஸ் சமன்பாட்டில் போட்டுக்கொண்டு மறுநாள் வந்தான். வாண்டர் வால்ஸ் 1873-இல் லைடன் பல்கலைக்கழகத்தில் தன் ஆய்வேட்டில் எழுதியது அது. 1910-இல் நோபல் பரிசும் வந்தது. மூலக்கூறு அடைக்கும் இடத்தைக் கழித்து, ஈர்ப்பால் குறையும் அழுத்தத்தையும் கழிக்கும் சமன்பாடு. அதில் சுமார் 227 பார் வந்தது. பையனுக்கு முகம் வாடிவிட்டது. ஆனால் நன்றாகப் பார்த்தால் அந்தக் கணக்கில் முக்கியமான விஷயம் இருக்கிறது. முதல் உறுப்பு 1,060-க்கு மேல், கழிக்கும் உறுப்பு 835. இரண்டு பெரிய எண்களின் வித்தியாசம்தான் விடை. இடத் தேவையும் ஈர்ப்பும் இந்த அளவு மல்லுக்கட்டும் நெருக்கத்தில், இரண்டே எண்ணை வைத்துச் சரியான விடை எதிர்பார்க்க முடியாது. மேலும் உள்ளே பெரும்பகுதி திரவமாகிவிட்டது. இரண்டு நிலையும் சேர்ந்து இருக்கும் இடத்தில் அழுத்தத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலை மட்டும்தான். ஆவி அழுத்த அட்டவணையை எடுத்து 25 டிகிரிக்கு நேரே பார்த்தோம். 64. அவன் கேஜையும் அட்டவணையையும் மாறி மாறிப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் நினைவில் இருக்கிறது.

மத்தியானம் 150 இருந்த ஆக்சிஜன் விடியக்காலையில் 142

கசிவு என்று உடனே முடிவுக்கு வராதீர்கள். மத்தியானம் 35 டிகிரியில் பார்த்ததும் விடியலில் 22 டிகிரியில் பார்த்ததும் ஒன்றாகாது. வெப்பநிலைக் கணக்கிலேயே ஆறேழு பார் குறையும். அந்த அழுத்தத்தில் ஆக்சிஜன் மூலக்கூறுகளும் ஒன்றையொன்று இழுப்பதால் இன்னும் ஒன்றிரண்டு குறையும். வெயில் ஏறியதும் மறுபடி பாருங்கள். திரும்ப 150-க்குப் பக்கத்தில் வந்தால் கசிவு இல்லை. வராவிட்டால் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா பாருங்கள். எண்ணெய், கிரீஸ் பட்ட கையோ துணியோ ஆக்சிஜன் வால்வுக்குப் பக்கத்தில் போகவே கூடாது.

அசிட்டிலின் சுடர் துப்புகிறது, சிலிண்டரிலிருந்து கரைப்பான் வாசம்

லாரியில் படுக்க வைத்துக் கொண்டுவந்தீர்களா? அப்படியானால் காரணம் கிடைத்துவிட்டது. அசிட்டிலினைத் தனியாக அழுத்தினால் தானே சிதைந்து வெடிக்கும். அதனால் சிலிண்டருக்குள் நுண்துளைப் பொருளை அடைத்து, அதில் அசிட்டோனை ஊற வைத்து, அந்த அசிட்டோனில்தான் அசிட்டிலினைக் கரைக்கிறார்கள். அசிட்டிலினின் ஓரத்து ஹைட்ரஜனை அசிட்டோனின் ஆக்சிஜன் இழுத்துப் பிடித்துக்கொள்கிறது. சாதாரண அழுத்தத்தில் ஒரு லிட்டர் அசிட்டோன் சுமார் 25 லிட்டர் அசிட்டிலினை ஏந்தும். 12 மடங்கு அழுத்தத்தில் சுமார் 300 லிட்டர். மூலக்கூறுகளுக்கு இடையேயான இந்தப் பிடிப்பை நம்பித்தான் நாம் அந்த வாயுவோடு ஒரே கூரையின் கீழ் வேலை செய்கிறோம். எனக்கு இந்தச் சிலிண்டர் மேல் இருக்கும் மரியாதை வேறு எதன் மேலும் இல்லை.

படுத்துக் கிடந்தால் அசிட்டோன் வால்வுப் பக்கம் வரும். நிமிர்த்தி வைத்துச் சில மணி நேரம் விடுங்கள். வேகமாக எடுத்தாலும் அசிட்டோன் கூடவே வரும். மணிக்கு சிலிண்டரில் உள்ளதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது என்பது பொதுவான விதி. பெரிய நாஸில் வேண்டும் என்றால் இரண்டு சிலிண்டரை இணையுங்கள். வெளியேறும் அழுத்தத்தை ஒரு பாருக்கு மேல் ஏற்றாதீர்கள், செம்புக் குழாயில் ஓட்டாதீர்கள்.

ஏர் லைனில் தண்ணீர்

சோமனூர் ஏர்ஜெட் தறிக்காரர்களும் திருப்பூர் பிரிண்டிங்காரர்களும் கேட்பது. கம்ப்ரசர் கெடவில்லை. காற்றில் இருக்கும் நைட்ரஜனும் ஆக்சிஜனும் இந்த அழுத்தத்தில் திரவமாகாது. ஹைட்ரஜன் பிணைப்பு உள்ள நீராவிதான் முதலில் சரணடைந்து திரவமாகும். ஐப்பசி மாதம் 30 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம் என்றால் ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 21 கிராம் நீராவி. எட்டுக் கன மீட்டரை ஒன்றாக அழுத்தினால் ஏறக்குறைய 170 கிராம். ஆறி 35 டிகிரிக்கு வந்த பிறகு அதில் 40 கிராம்தான் ஆவியாகத் தங்க முடியும். மீதி டேங்க் அடியில். காலையும் மாலையும் தண்ணீரை வெளியேற்றும் டிரெய்ன் காக்கைத் திறந்து விடுங்கள், காற்றின் ஈரத்தை எடுக்கும் டிரையர் ஓடுகிறதா பாருங்கள்.

இவை எதுவும் பொருந்தவில்லை

அப்போது ரெகுலேட்டரைச் சந்தேகப்படலாம். வெளிவாசல் வால்வை மூடிவிட்டு, குறைந்த அழுத்தக் கேஜை இரண்டு நிமிடம் பாருங்கள். முள் அசையாமல் நின்றால் நல்ல ரெகுலேட்டர். மெதுவாக மேலே ஊர்ந்தால் உள்ளே சீட் தேய்ந்துவிட்டது. சிலிண்டர் வால்வை மூடி, அழுத்தத்தை வெளியே விட்டு, கழற்றி அனுப்புங்கள். அன்றைக்கே வேறு ஒன்று தருகிறேன்.